அண்ணையிடம் மிஞ்சிய சொல்

அண்ணை விழுந்தது லா ஷப்பலில், ஒரு மரக்கறிக் கடையின் முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால். முதல்நாள்தான் பிள்ளையாருக்குத் தேர். ரூ பஜோல் தெருவில் உடைத்த தேங்காய்களின் தண்ணீர் காய்ந்து, நடக்கும்போது செருப்பில் பிசுபிசுவென்று ஒட்டியது. அண்ணை ஒவ்வொரு வருடமும் தேருக்கு டென்மார்க்கிலிருந்து பிரான்ஸுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்குவார். தேர் முடிந்த மறுநாள், மகளுக்கென்று முருங்கைக்காயும் கருவேப்பிலையும் வாங்கிப் பைக்குள் அடைத்துக்கொண்டு விமானம் ஏறுவார். அங்கே இவை கிடைக்காமல் இல்லை. இங்கே வாங்கினால்தான் அவருக்குத் திருப்தி.

அன்றைக்கும் ஒவ்வொரு காயாக எடுத்து முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காய் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனியவில்லை. தன் வலக் கையையே பார்த்தபடி நின்றார், யாரோ கொண்டுவந்து மாட்டிவிட்ட கையைப் பார்ப்பதுபோல.

"என்னண்ணை?"

என் பக்கம் திரும்பினார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "நோ," என்றார். பிறகு பெட்டியோடு சேர்ந்து சரிந்தார்.

கடைக்காரர் கல்லாவை விட்டு ஓடிவந்தார். "தங்கச்சி, தலையைப் பிடியுங்கோ. நான் போன் அடிக்கிறன்." பொம்பியேக்காரர் வந்தார்கள். தீயணைக்க வருவதும் இங்கே அவர்கள்தான், ஆளைத் தூக்கிப் போக வருவதும் அவர்கள்தான். அதில் ஓர் இளம்பெண் அண்ணையிடம் பெயரைக் கேட்டாள். அண்ணை "நோ" என்றார். கையைத் தூக்கச் சொன்னாள். அதற்கும் "நோ" என்றார்.

எங்கள் பேச்சில் நோ என்றால் வலி. கை நோ, கால் நோ, வயிற்று நோ. நோய் என்ற சொல்லே அதிலிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஆகவே எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அண்ணைக்கு வலிக்கிறது. "இல் அ மால்" என்று பிரெஞ்சில் அந்தப் பெண்ணிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆம்புலன்சுக்குள்ளும் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரம்தான். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். அதனால் வலக் கை, வலக் கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. கட்டியை எடுத்துவிட்டோம், இனிப் பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னார். அவர் சொன்ன பிரெஞ்சில் பாதி எனக்கு விளங்கவில்லை. என் கணவர் பக்கத்தில் நின்று கேட்டுச் சொன்னார். இருபது வருடத்துக்கு மேலாக ரெஸ்ரோரண்ட் குசினியில் பிரெஞ்சுக்காரரோடு நிற்பவர் அவர். எனக்குப் புடவைக்கடை வேலை. அங்கே தமிழே போதும்.

அண்ணையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து முதலில் வெளிக்கிட்டவர் அவர்தான். டென்மார்க்கின் மேற்குப் பக்கத்தில், எப்போதும் காற்றடிக்கிற ஒரு சின்ன ஊரில் அவரைக் கொண்டுபோய் விட்டார்கள். பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடாதவர், ஓய்வு எடுக்கும்வரை அதே வேலையில் நின்றார். அண்ணி புற்றுநோயில் போன பிறகும் அந்த ஊரை விடவில்லை. ஒரே மகள் படித்துமுடித்து வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். "இஞ்சை வந்து எங்களோடை இருங்கோவன்" என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "பாப்பம்," என்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார். கதை குறைந்த மனிதர். அந்தக் குறைந்த கதையும் இப்போது போய், ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

அண்ணையின் மகளுக்கு, என் மருமகளுக்கு, உடனே போன் எடுத்தேன். போன் நிற்பாட்டிக் கிடந்தது. அவள் நோர்வே மலைகளுக்குள் சிநேகிதிகளோடு நடக்கப் போயிருக்கிறாள், அங்கே சிக்னல் கிடைக்காது என்று அண்ணையே முதல்நாள் சொல்லியிருந்தார். தகவல் விட்டேன். பிறகு இன்னொன்று விட்டேன். வேறு செய்ய எதுவும் இருக்கவில்லை.

அவள் வரும்வரை போன நாட்களை நான் நினைக்க விரும்புவதில்லை. காலையில் தாதி தட்டைக் கொண்டுவந்து "சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பாள். அண்ணை "நோ" என்பார். பிரெஞ்சுக்காரிக்கு அது 'நோன்' என்று கேட்டிருக்கும். வேண்டாம் என்கிறார் என்று தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள். வேலை முடிந்து நான் போகும்போது, மசித்த உருளைக்கிழங்கு ஏடு படிந்து கிடக்கும். கரண்டியை எடுத்து நான் ஊட்டினால் வாயைத் திறந்து எல்லாம் சாப்பிடுவார்.

"இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை," என்றேன் தாதியிடம். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். "எங்கள் பாஷையில் 'நோ' என்றால் வலி."

தாதி நல்ல பெண். கண்களைச் சுருக்கி, கவனமாகக் கேட்டாள். "எங்கே வலி?"

"எங்கையண்ணை நோகுது? தலையோ? கையோ?"

"நோ," என்றார் அண்ணை.

"இஞ்சையோ?"

"நோ."

தொட்ட இடமெல்லாம் நோ. அவர்கள் மருந்து கொடுத்தார்கள். அவர் அரைத் தூக்கத்திலேயே கிடந்தார். விழித்தால் மறுபடி சொல்வார். சில நேரம் மெல்ல, இழுத்து. சில நேரம் சுருக்கென்று வெட்டி. சாயங்காலம் ஆனால் இடக் கையால் கட்டில் விளிம்பில் ஓர் அடி அடித்து, பலமாக "நோ!" என்பார். சாயங்காலத்தில் நோ கூடுகிறது என்று நான் தாதியிடம் சொன்னேன். அவர்களும் அந்த நேரம் பார்த்து மருந்தைக் கூட்டினார்கள்.

இரவு வீட்டில் கணவர் கேட்டார், "மச்சான் என்னத்தையோ மறுக்கிறார் போலை கிடக்கு. இங்கிலீஷிலை நோ எண்டுறாரோ?"

"எனக்கெல்லோ தெரியும் அவற்றை குரல்," என்றேன். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணொருத்தி வந்து படங்களைக் காட்டினாள். பூனை, கதிரை, அப்பிள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். வெளியே வந்து எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னாள். இப்படி நடப்பது உண்டாம். எல்லாச் சொல்லும் போய் ஒன்று மட்டும் மிஞ்சும். அந்த ஒன்று வாய்க்குப் பழகிப்போன ஏதோவொரு சொல்லாக இருக்கும். அதை அவர் அர்த்தத்தோடு சொல்கிறார் என்று நினைக்கவேண்டாம், அது வெறும் சத்தமாகவும் இருக்கலாம் என்றாள். "வெறும் சத்தம்" என்று அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வலி என்றால் மருந்து கொடுக்கலாம். வெறும் சத்தத்துக்கு என்ன கொடுப்பது?

மருமகள் வந்தது ஒரு மத்தியானம். விமான நிலையத்திலிருந்து நேரே வந்திருந்தாள். முதுகில் மலைக்குக் கொண்டுபோன அதே பை, முகமெல்லாம் வெயிலில் தோல் உரிந்திருந்தது. நான் அவளைக் கட்டிப்பிடித்து, "அப்பாவுக்குச் சரியான நோ பிள்ளை. நாள் முழுக்க நோ நோ எண்டுதான் சொல்லுறார்," என்றேன்.

அவள் கட்டிலில் குந்தி அண்ணையின் இடக் கையைப் பிடித்தாள். டெனிஸில் ஏதோ சொன்னாள், நீளமாக. அழுதுகொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் சொன்னாள். அண்ணை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோ…" என்றார். குரல் மேலே போய் மெல்லக் கீழே இறங்கியது.

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு அவர் வாயைப் பார்த்தாள். பிறகு வேறொன்று சொன்னாள், சின்னதாக. அண்ணை "நோ?" என்றார். அவள் தலையாட்டினாள். மறுபடி சொன்னாள். "நோநோ," என்றார் அண்ணை, இடக் கையால் அவள் மணிக்கட்டைத் தட்டியபடி.

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "மாமி, இது நோ இல்லை," என்றாள். "தமிழ் நோ இல்லை. இது டெனிஸ்."

எனக்கு விளங்கவில்லை.

"டெனிஸிலை ஒரு சொல்லு இருக்கு மாமி. எல்லாரும் நாள் முழுக்கச் சொல்லுறது. நான் மலையிலை இருந்தனான், இப்பதான் போனைப் பார்த்தனான் எண்டு சொன்னன். அப்பிடியோ எண்டு சொல்லுறார். நான் பயந்துபோனன் எண்டு சொன்னன். சரி சரி, ஒண்டுமில்லை எண்டு சொல்லுறார்."

"அவர் உண்மையிலை விளங்கித்தான் சொல்லுறாரோ?"

"எனக்கு அப்பிடித்தான் கேக்குது," என்றாள்.

அன்று சாயங்காலம் வழமைபோல அண்ணை கட்டில் விளிம்பில் ஓங்கி அடித்து "நோ!" என்றார். நான் தாதியைக் கூப்பிட எழும்பினேன். மருமகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் சிரித்தாள், கண்ணால் தண்ணீர் ஓடியது.

"இருங்கோ மாமி. எங்கடை ஊரிலை ஆற்றையும் வீட்டை போயிருந்தா, கோப்பி குடிச்சு முடிஞ்சதும் துடையிலை இப்பிடி ரண்டு கையாலையும் அடிச்சு, 'நோ' எண்டு சொல்லித்தான் எழும்புவினம். 'சரி, அப்ப வெளிக்கிடுவம்' எண்டு அர்த்தம். அப்பா அதைத்தான் செய்யிறார். வீட்டை போகக் கேக்கிறார்."

அத்தனை சாயங்காலமும் மனிதர் வீட்டுக்குப் போக எழும்பியிருக்கிறார். நாங்கள் அதற்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறோம். நான் கட்டில் கால்மாட்டில் நின்றேன். மருமகள் தாதியிடம் ஆங்கிலத்தில் பேசினாள். மறுநாளிலிருந்து வலி மருந்தைக் குறைத்தார்கள். அண்ணை கொஞ்சம் தெளிந்தார்.

மருமகள் எங்கள் வீட்டில் தங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது லா ஷப்பல் மெத்ரோப் பாலத்தின் கீழே நடந்து வருவோம். மேலே ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போன பிறகு தொடருவாள். அவளுடைய வேலையே புதிதாக வந்த அகதிகளுக்கு டெனிஸ் படிப்பிப்பதுதான்.

"வாற ஆக்கள் முதல் கிழமையே இதைத்தான் கேப்பினம் மாமி. சிரியாக்காரர், உக்ரேன்காரர் எல்லாரும். ரீச்சர், பஸ்ஸிலை எல்லாரும் நோ நோ எண்டு சொல்லினமே, என்னத்தை இவை மறுக்கினம் எண்டு."

"எங்கையிருந்து வந்த சொல்லு?"

"அது அகராதிக்காரருக்கே வடிவாத் தெரியாது. ஜெர்மன்காரர் 'நா' எண்டுவினம், அதுக்குச் சொந்தம் எண்டு சிலபேர். 'நு' எண்டா டெனிஸிலை 'இப்ப' எண்டு அர்த்தம். அது தேய்ஞ்சு வந்திருக்கலாம் எண்டு சிலபேர். சின்னச் சொல்லு எல்லாம் அப்பிடித்தான். ஆக்கள் கன காலம் வாயிலை வைச்சிருந்து தேய்ச்சுப்போட்டினம்."

வாயை முழுக்கக் குவிக்கக்கூடாது, நோவுக்கும் நாவுக்கும் நடுவில் நிற்கவேண்டும் என்று சொல்லித் தந்தாள். நான் சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது வலியாகத்தான் வந்தது. இழுத்து இறக்கினால் 'ஓ, இப்ப விளங்குது'. குரலை உயர்த்தினால் 'உண்மையாவோ?'. வெட்டிச் சொன்னால் 'அதுக்கு நான் என்ன செய்ய?'. குழந்தையைப் பார்த்தும் சொல்வார்களாம், செத்தவீட்டிலும் சொல்வார்களாம். "ஒண்டும் சொல்ல இல்லாத இடத்திலை எல்லாம் சொல்லலாம்," என்றாள்.

செத்தவீடு என்றதும் எனக்கு வேறொன்று நினைவு வந்தது. அம்மா ஊரில் இறந்தபோது சண்டைக் காலம். எங்கள் இருவராலும் போக முடியவில்லை. செய்தி எனக்குத்தான் முதலில் வந்தது. அண்ணைக்குப் போன் எடுத்து, "அம்மா போட்டாண்ணை," என்றேன். அந்தப் பக்கத்தில் அவர் "நோ…" என்றார், நீளமாக. நான் அதை ஆங்கில நோ என்று எடுத்தேன். அவர் நம்ப மறுக்கிறார், அலறுகிறார் என்று நினைத்தேன். "இல்லையண்ணை, உண்மையாத்தான்" என்று அழுது அழுது திரும்பச் சொன்னேன். பிறகு எத்தனையோ பேரிடம் "அண்ணை கடைசிமட்டும் நம்பேல்லை" என்று சொல்லியிருக்கிறேன்.

மருமகளிடம் அதைச் சொன்னேன். அந்த நோ எப்படி இருந்தது என்று கேட்டாள். எனக்கு நினைவிருந்தபடி செய்துகாட்டினேன்.

"அவர் நம்பினவர் மாமி," என்றாள். "அந்த நேரம் வந்திட்டுதோ எண்டு சொன்னவர்."

நாங்கள் நின்ற இடத்தில் ஒருவன் சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தான். புகை கண்ணில் பட்டது. அண்ணை செய்தியைக் கேட்ட உடனேயே ஏற்றுக்கொண்டிருந்தார். அதற்கு அவரிடம் இருந்த சொல் எனக்குத் தெரியாத பாஷையில் இருந்திருக்கிறது. அத்தனை வருடம் கிழமைக்கு ஒருக்கா போனில் கதைத்தோம். எத்தனை இடத்தில் நான் பிழையாகக் கேட்டேனோ.

அடுத்து வந்தது அவரை எங்கே வைத்திருப்பது என்ற கதை. ஆஸ்பத்திரியில் சமூகசேவைப் பெண்ணொருத்தி எங்கள் மூவரையும் கூப்பிட்டு இருத்தினாள். நீண்டகாலப் பயிற்சியும் பராமரிப்பும் அவர் வசிக்கும் நாட்டில்தான் ஒழுங்காகக் கிடைக்கும் என்றாள். நான் முடியாது என்றேன். எங்களோடு இருக்கட்டும், நான் வேலையை விடுகிறேன் என்றேன். கணவர் என் கையைத் தொட்டார். தமிழில் மெதுவாகச் சொன்னார்: "எங்கடை நாலாம் மாடி. லிஃப்ற் இல்லை. மச்சானை ஆர் இறக்கி ஏத்திறது? ஒருக்கா ஏத்தினா அவர் பிறகு கீழை வரவே மாட்டார்."

அவர் சொன்னது சரி. அது சரியாக இருந்ததற்காகவே எனக்கு அவர்மேல் பல நாள் ஆத்திரம் இருந்தது.

"அங்கை உன்னோடை வைச்சிருப்பியோ?" என்று மருமகளைக் கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "ஏலாது மாமி. எனக்கு வேலை. அப்பான்ரை ஊரிலை ஒரு இல்லம் இருக்கு. அங்கைதான் இடம் கேக்கிறன். அங்கை அவரைத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்."

"வயசுபோன ஆக்களைக் கொண்டே விடுற இடம்."

"ஓம் மாமி," என்றாள். "அப்பிடியான இடம்தான்."

அப்படியானால் அவரையே கேட்போம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அடுத்தநாள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். அண்ணையைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். பின்னேர வெயில் ஜன்னலால் வந்து அவர் மடியில் விழுந்தது. நான் முழங்காலில் இருந்து அவர் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"அண்ணை. இஞ்சை எங்களோடை இருக்கிறியளோ, அங்கை போகப்போறியளோ? நீங்கள் சொல்லுறதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். என்னைத் தெரியாத பார்வை இல்லை அது. ஜன்னலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"நோ," என்றார்.

உயரவும் இல்லை, இழுபடவும் இல்லை. நடுவில் ஒரு குரல். நான் மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். "என்னவாம்?"

"நான் சொல்லமாட்டன் மாமி."

"ஏன்?"

"நான் விரும்புறதைத்தான் சொல்லுவன். நீங்கள் கேட்டா நீங்கள் விரும்புறது கேக்கும். இதை நான் மொழிபெயர்க்கமாட்டன்."

கணவர் வெளியே போய் நின்றார். நான் அண்ணையின் இடக் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அப்படியே இருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. கடதாசி வேலைகளை மருமகள் செய்தாள். இலை உதிரத் தொடங்கிய ஒரு காலையில், கூட ஒரு தாதியோடு, அண்ணையை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது அவர் எதுவும் சொல்லவில்லை. நான்தான் "போட்டு வாங்கோ" என்றேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பார்த்தோம். மருமகள் போகும் நாட்களில் அவள் போனைப் பிடிப்பாள். மற்ற நாட்களில் அங்கே வேலை செய்யும் யாராவது பிடிப்பார்கள். வெளிச்சமான அறை, ஜன்னலுக்கு வெளியே வெறும் வயல். அண்ணையைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். தாடியை நன்றாக வழித்துவிட்டிருந்தார்கள். குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை.

நான் ஊர்க் கதை, லா ஷப்பல் கதை எல்லாம் சொல்வேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். எப்போதாவது ஒரு நோ வரும். பெரும்பாலும் வராது. ஆனால் ஒருநாள் நான் எடுத்தபோது பக்கத்தில் ஒரு டெனிஸ் கிழவர் இருந்தார். பெரிய உடம்பு, சிவந்த கை. தொழிற்சாலையில் அண்ணைக்கு எதிர்மேசையில் நின்றவர், கிழமைக்கொருக்கா வருவார் என்று மருமகள் சொன்னாள். இருவருக்கும் முன்னால் கோப்பி. கிழவர் ஜன்னலைக் காட்டி "நோ" என்றார், மழை வருகுது என்பதுபோல. அண்ணை "நோ" என்றார். இருவரும் கோப்பி குடித்தார்கள். பிறகு அண்ணை ஒரு நோ சொன்னார். கிழவர் அதற்கு ஒன்று சொல்லி, தோள் குலுங்கச் சிரித்தார். அண்ணையின் வாயின் நல்ல பக்கமும் சிரித்தது.

இது நடக்கும்போது நான் திரையில் இருந்தேன். அவர்கள் இருவரும் என்னை மறந்துபோனார்கள். அண்ணை சிரித்தது சந்தோசம்தான். ஆனால் போனை வைத்த பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தைப்பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில் மருமகள் எடுத்தாள். நான் கடையில் ஒரு கலியாணக்காரருக்குக் கூறைப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இன்னொருக்கா இரத்தம் கட்டிவிட்டது, இந்தமுறை பெரிசு என்றாள். உடனே வெளிக்கிடுகிறேன், பின்னேரம் விமானம் இருக்கும் என்றேன்.

"வாங்கோ மாமி. ஆனா நீங்கள் நோ பண்ணமாட்டியள்."

"என்ன?"

அவள் அழத் தொடங்கினாள். அவளுக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை. டெனிஸில் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். "இது வேறை நோ, மாமி. வந்து சேருறது. நேரத்துக்கு வந்து சேருறது. அதுக்கும் நோ எண்டுதான் சொல்லுறது. எழுத்தும் அதுதான். நீங்கள் வாறதுக்குள்ளை…"

நான் விமான நிலையத்தில் நிற்கும்போதே முடிந்துவிட்டது.

அந்த இரண்டாவது நோ, 'பக்கத்தில்' என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது, கிட்டப் போவது என்பதுதான் அதன் அடி என்று மருமகள் பிறகு சொன்னாள். அண்ணையின் நோவுக்கும் அதற்கும் சொந்தம் இல்லையாம். சொல்லிவைத்தாற்போல ஒரே மாதிரி ஆகிவிட்டன, அவ்வளவுதான் என்றாள்.

அந்த ஊரை நான் முதல்தரம் பார்த்தது அப்போதுதான். எத்தனை வருடம் அவர் வந்தார், நான் ஒருக்காவும் போகவில்லை. ரிக்கற் விலை, லீவு, குளிர் என்று ஏதாவது ஒன்று. காற்று உண்மையாகவே நிற்காமல் அடித்தது. தமிழ்ச் சனம் ஒரு மண்டபத்துக்கு வந்து தேவாரம் பாடியது. தொழிற்சாலைக்காரர் கொஞ்சப்பேர் பின்வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி இருந்தார்கள். அந்தக் கிழவர் எனக்குக் கை தந்தார். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இருக்கவில்லை. எரியூட்டும் இடத்துக்கு நெருங்கிய ஆட்களை மட்டும் விட்டார்கள். பொத்தானை மருமகள்தான் அமத்தினாள். பெண்பிள்ளை செய்யலாமோ என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

அன்றிரவு அவளுடைய வீட்டில் சோறும் பருப்பும் சமைத்தேன். அவள் சாப்பிடாமல் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"மாமி, நான் தமிழ் கதைச்சது அப்பாவோடை மட்டும்தான்," என்றாள். "அவருக்குப் பேச்சுப் போன பிறகு அவரோடையும் டெனிஸிலைதான் கதைச்சனான். இனி ஆரோடையும் இல்லை."

"என்னோடை கதை."

"ஞாயிற்றுக்கிழமையிலோ?"

"ஓம். ஞாயிற்றுக்கிழமையிலை."

அப்படித்தான் இப்போது கதைக்கிறோம். எடுத்தால் முதலில் இருவருக்கும் கதை வராது. வேலை எப்படி, குளிர் எப்படி என்று கேட்டு முடிந்தால் பிறகு ஒன்றும் இல்லை. அவள் ஒரு சொல்லைத் தேடுவாள், நான் எடுத்துக் கொடுப்பேன். முந்தி எப்போதாவது தேடுவாள், இப்போது அடிக்கடி தேடுகிறாள். சில ஞாயிறுகள் அவள் எடுப்பதில்லை. மறந்துபோனேன் என்று திங்கட்கிழமை ஒரு செய்தி வரும், பாதி ஆங்கிலத்தில். நான் கோபிப்பதில்லை. அவளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

போன கிழமை எடுத்து, அண்ணையின் ஆட்டைத்திவசத்துக்கு, முதல் வருடத் திதிக்கு, என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். என்ன என்ன சமைக்கவேண்டும், படத்துக்கு முன்னால் எப்படிப் படைக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். டெனிஸ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். வாழைக்காய் அங்கே கிடைக்காதே என்றாள். உருளைக்கிழங்கு போடு, அவருக்குப் பிடிக்கும் என்றேன். திதி புதன்கிழமை வருகிறது, அன்று தனக்கு வகுப்பு இருக்கிறது, சனிக்கிழமை செய்தால் பிழையோ என்று கேட்டாள்.

பிழையில்லை என்றேன்.